இருக்கிறார் என்றால் எப்படி இருக்கிறார்?

1980-களில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில், பொருள் எங்களுடையது என்று உரிமை கோரியவர்களில் ஒரு சிவலிங்கமும் உண்டு. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் பத்தூர் என்ற சிற்றூர். அங்கே 12-ஆம் நூற்றாண்டுக் கோயில் ஒன்று இடிந்து கிடந்தது. 1976-ல் அந்த இடத்தில் மண் வெட்டிய கூலித் தொழிலாளி ஒருவருக்கு ஒரு நடராஜரும் வேறு சில செப்புத் திருமேனிகளும் கிடைத்தன. நடராஜர் பல கை மாறிக் கடல் கடந்தார். 1982-ல் கனடா நிறுவனம் ஒன்று விவரம் தெரியாமல் விலைக்கு வாங்கிப் பழுது பார்க்கக் கொடுத்திருந்த நேரத்தில் லண்டன் போலீஸ் பறிமுதல் செய்தது. சிலையைத் திருப்பிக் கொடு என்று நிறுவனம் போலீஸ் மீது வழக்குப் போட்டது. எதிரே இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, பத்தூர்க் கோயில், அந்தக் கோயிலின் லிங்கம் என்று ஒரு கூட்டமே சேர்ந்தது.

சிலையில் ஒட்டியிருந்த மண், கறையான் தடம், உலோகக் கலவை எல்லாவற்றையும் நிபுணர்கள் அலசினார்கள். 1988-ல் தீர்ப்பு கோயில் பக்கம் வந்தது. நீதிபதி சொன்ன காரணங்களில் ஒன்றுதான் என்னை இழுத்துப் பிடித்தது. நிலம் கொடுத்துக் கோயில் கட்டிய 12-ஆம் நூற்றாண்டுப் பிரமுகரின் பக்தி நோக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது, அந்த நோக்கத்தின் உருவம்தான் லிங்கம் என்றார் அவர். 1991-ல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. நடராஜர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்.

சரி, சிவன் இருக்கிறார் என்று லண்டன் நீதிமன்றம் ஒப்புக்கொண்டுவிட்டதா? இல்லை. நீதிபதி ஒரு கிறிஸ்தவராக இருந்திருக்கலாம், எதையும் நம்பாதவராகவும் இருந்திருக்கலாம். அது தீர்ப்பைத் தொடவே இல்லை. ஆனால் ஏதோ ஒரு விதத்தில் அந்த லிங்கம் 'இருந்ததால்தான்' வழக்காட முடிந்தது. எந்த விதத்தில் என்பதுதான் கேள்வி. 'கடவுள் இருக்கிறாரா?' என்று டீக்கடையிலும் பட்டிமன்றத்திலும் கேட்கும்போது சண்டை எல்லாம் முதல் சொல்லின் மேல்தான் நடக்கிறது. இரண்டாவது சொல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. எனக்கென்னவோ வம்பு முழுக்க அந்த இரண்டாவது சொல்லில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

மேசை இருக்கிறது. காய்ச்சல் இருக்கிறது. கடன் இருக்கிறது. நாளைக்கு லீவு இருக்கிறது. ஏழுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் ஒரு பகா எண் இருக்கிறது. இந்த ஐந்தில் எதையும் இன்னொன்றைப் போல் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. மேசையைத் தட்டிப் பார்க்கலாம். காய்ச்சலை உடம்பைத் தவிர வேறு எங்கும் பார்க்க முடியாது. கடன், கொடுத்தவரும் வாங்கியவரும் ஒத்துக்கொண்டால் போதும். லீவு, கலெக்டர் அறிவித்தால் போதும். பதினொன்று என்ற எண்ணுக்கு யாரும் ஒத்துக்கொள்ளக்கூடத் தேவையில்லை.

தமிழில் இதற்கு இரண்டு சொல் இருப்பது ஒரு வசதி. 'இருக்கிறார்' என்பது 'இரு' என்ற அடியிலிருந்து வருவது. உட்காருவதும் தங்குவதும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'உண்டு' இன்று அப்படியில்லை. திணை, பால், எண், இடம் எதையும் பார்க்காது. நானுண்டு என் வேலையுண்டு என்கிறோம். கடன் உண்டு, கடவுள் உண்டு. என் அத்தை திருவிழா நாட்களில் குருக்களுக்குப் போன் போட்டு, "சாமி இருக்காரா, புறப்பாடு ஆயிடுச்சா?" என்று கேட்பார். "இல்லம்மா, இப்பத்தான் கிளம்பினார், தெற்கு வீதி திரும்பியிருப்பார்" என்று பதில் வரும். கடவுள் இல்லை என்று ஒரு குருக்கள் சொல்கிறார், கேட்டவரும் கலங்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெற்கு வீதிக்கு நடக்கிறார்! அங்கே இருத்தல் என்றால் ஓர் இடத்தில் இருத்தல்.

இது பழைய பொருள்தான். நற்றிணை 83-ஆம் பாட்டில் ஊர் வாயிலில், தண்ணீர் எடுக்கும் துறைக்குப் பக்கத்தில் ஒரு மரம் வருகிறது. 'கடவுள் முதுமரம்' என்கிறது பாட்டு. அதில் கடவுளோடு சேர்ந்து ஒரு கூகையும் குடியிருக்கிறது. அந்தக் கூகையிடம், உனக்குக் கறி போட்ட நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருகிறோம், ராத்திரியில் மட்டும் குழறித் தொலைக்காதே, அவன் வருகிற நேரம் என்று கெஞ்சுகிறாள் தோழி. எல்லாம் அறிந்தவன், எங்கும் நிறைந்தவன் என்ற வரையறை எதுவும் அந்த மரத்தடியில் இல்லை. அந்தக் கடவுளுக்கு முகவரி இருக்கிறது, அவ்வளவுதான். எல்லைச்சாமிகளுக்கு இன்றைக்கும் அப்படித்தான். முனியப்பன் இருக்கிறாரா என்று யாரும் தத்துவம் பேசுவதில்லை. அந்தப் புளியமரத்துக்கிட்டப் போகாதே என்பதோடு சரி.

முகவரியை எடுத்துவிட்டுக் குணங்களால் கடவுளை வரையறுக்கத் தொடங்கியதும்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. குறளின் 'எண்குணத்தான்' என்ற சொல்லையே பாருங்கள். எட்டுக் குணம் எவை என்று வள்ளுவர் சொல்லவில்லை. பரிமேலழகர் தன்வயத்தனாதல், தூய உடம்பினனாதல், முற்றும் உணர்தல் என்று ஒரு பட்டியலைச் சைவாகமத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். கூடவே, கடையிலா அறிவு முதலான எட்டு என்று சொல்வோரும் உண்டு என்கிறார். அது சமணர் பட்டியல். சமணருக்கு உலகைப் படைத்தவன் என்று ஒருவன் கிடையாது. வினைகளைக் கழித்து முழு அறிவடைந்த அருகன்தான் வணக்கத்துக்குரியவர். ஒரே குறளை ஒரே ராகத்தில் பக்கத்து பெஞ்சுப் பையனோடு சேர்ந்து ஒப்பித்தோம், இருவர் மனதிலும் இருந்தது ஒரே கடவுள்தானா என்று வாத்தியாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வரையறை கையில் வந்துவிட்டால் 'இருக்கிறார்' என்பதன் பொருளும் மாறிவிடும். இந்தக் குணங்கள் எல்லாம் பொருந்திய ஏதாவது ஒன்று உண்டா, பட்டியலுக்கு ஆள் உண்டா, இல்லை காலியா என்பதே கேள்வியாகும். ஐரோப்பாவில் இந்தப் பாதையில் வெகுதூரம் போனவர் 11-ஆம் நூற்றாண்டுத் துறவி ஆன்செல்ம். இதைவிடப் பெரிதாக ஒன்றை நினைக்கவே முடியாது என்பதுதான் கடவுள் என்றார். அப்படிப்பட்டது மனத்தில் மட்டும் இருந்தால், நிஜத்திலும் இருக்கும் ஒன்று அதைவிடப் பெரிதாகிவிடும். ஆகவே அது நிஜத்தில் இருந்தே தீர வேண்டும். வரையறையிலிருந்தே இருப்பைக் கறந்துவிடும் வித்தை. அப்படியானால் இதைவிடச் சிறந்ததை நினைக்க முடியாத தீவு என்று சொன்னால் தீவு வந்துவிடுமா என்று கௌனிலோ என்ற இன்னொரு துறவி உடனே மடக்கினார்.

தவறு எங்கே என்று விரல் வைத்துக் காட்டியவர் ஜெர்மன் தத்துவவாதி கான்ட், 1781-ல். அவர் நூறு வெள்ளிக்காசை வைத்துச் சொன்னதை நம் நோட்டால் சொல்லலாம். 500 ரூபாய் நோட்டு ஒன்றை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்: நிறம், காந்தி படம், செங்கோட்டை, வரிசை எண். இப்போது சட்டைப்பையில் உண்மையான நோட்டு ஒன்று இருந்தால், அதில் நினைத்த நோட்டைவிட என்ன கூடுதல்? ஒரு கோடுகூட இல்லை. இருப்பது என்பது நோட்டின் இன்னொரு நிறம் கிடையாது. அப்படி ஒன்று கையில் உண்டு என்ற செய்தி மட்டும்தான் அது. ஆகவே குணப்பட்டியலில் 'இருத்தல்' என்பதையும் ஒன்பதாவது குணமாகச் சேர்த்து எழுதி வைத்துக்கொண்டு, பார், இருக்கிறார் என்று காட்ட முடியாது. 1884-ல் ஜெர்மன் தர்க்கவியலாளர் ஃபிரேகே இதையே இன்னும் சுருக்கினார்: ஒன்று இருக்கிறது என்று சொல்வது, அதன் எண்ணிக்கை சுழியம் இல்லை என்று சொல்வதுதான்.

இங்கே 13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் இன்னொரு வழியில் போனார். அவருடைய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் மொத்தம் 12 சூத்திரம். முதல் சூத்திரம் 'அவன் அவள் அதுஎனும் அவை' என்று தொடங்குகிறது. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் மூன்று சுட்டுப் பெயரில் அள்ளிவிடுகிறார். (வடமொழி ரௌரவ ஆகமத்திலும் இதற்கு இணையான சூத்திரங்கள் உண்டு, எது மூலம், எது மொழிபெயர்ப்பு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் அதற்குள் போகப்போவதில்லை.) இவை தோன்றுகின்றன, நிற்கின்றன, ஒடுங்குகின்றன. எதில் ஒடுங்குகின்றனவோ அதிலிருந்தே திரும்பத் தோன்ற வேண்டும். அந்தமே ஆதி.

இதை விளக்கச் சைவர்கள் கையில் எடுப்பது குடம். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை மண், சக்தி சக்கரம், சிவன் குயவன். கவனித்தால் இதில் ஒரு நேர்மை தெரியும். குயவன் மண்ணைப் படைப்பதில்லை. சித்தாந்தத்தில் இறை, உயிர், உயிரைக் கட்டும் தளை மூன்றுமே அநாதி. ஒன்றுமில்லாததிலிருந்து உலகைச் சிவன் உண்டாக்கினான் என்று அவர்கள் சொல்வதே இல்லை. கிறிஸ்தவமும் இஸ்லாமும் பேசும் படைப்பாளனோ மண்ணையும் சேர்த்துப் படைத்தவன். ஆகவே இந்தக் குட வாதம் முழுக்கச் சரி என்றே வைத்துக்கொண்டாலும் அது ஒரு குயவனைத்தான் காட்டும், மண்ணுக்கே உரியவனைக் காட்டாது. கடவுள் உண்டு என்று நிரூபித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், எந்தக் கடவுள் என்று கேட்பதில் தப்பே இல்லை. எல்லா மதத்தாரும் அடுத்த மதத்தாரின் நிரூபணத்தைத் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் நான் மெய்கண்டாரை இங்கே கூப்பிட்டது ஆறாவது சூத்திரத்துக்காக.

உணருரு அசத்தெனின் உணராது இன்மையின்
இருதிறன் அல்லது சிவசத் தாமென
இரண்டு வகையின் இசைக்குமன் னுலகே

இதில் 'அசத்து' என்ற சொல்லைக் கண்டதும் 'இல்லாதது' என்று படித்துவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும். சித்தாந்தத்தில் சத்து என்றால் மாறாதது; அசத்து என்றால் மாறுவது. மேசை அசத்து. அது இருக்கத்தான் செய்கிறது, ஆனால் ஒரு நாள் விறகாகும். இப்போது சூத்திரம் ஒரு கிடுக்கிப்பிடி போடுகிறது. கடவுள் நம் கண்ணுக்கோ கருத்துக்கோ அகப்படும் பொருள் என்கிறாயா? நாம் உணர்வதெல்லாம் மாறுகிறது. அப்படியானால் கடவுளும் மேசை மாதிரி ஒரு பொருளாகிவிடுவார். சரி, எந்த அறிவுக்குமே அகப்படாதவர் என்கிறாயா? அப்படி ஒன்று இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம்? முயற்கொம்பும் ஆகாயத் தாமரையும்கூட யாருக்கும் அகப்படாதவைதான்.

இரண்டு பக்கமும் அடைத்த பிறகு மூன்றாவதாக ஒரு வழி வைக்கிறார். இயல்பான அறிவுக்கு எட்டாது, ஆனால் சுத்தமாக எட்டாததும் இல்லை; அவன் அருளே அறிவாக நிற்கும்போது எட்டும். அதுதான் சிவசத்து. அதாவது கடவுள் 'இருக்கிறார்' என்பதில் உள்ள இருத்தல், மேசையின் இருத்தலோடு ஒரே வரிசையில் நிற்காது. உலகத்தில் உள்ள பொருள்களை எல்லாம் எண்ணி முடித்து, கடைசியில் கூடுதலாக ஒன்று என்று கடவுளைச் சேர்க்க முடியாது. ஃபிரேகே எண்ணத் தொடங்கிய இடத்தில், எண்ணிக்கையே இங்கே செல்லாது என்கிறார் மெய்கண்டார்.

இதைப் படித்த முதல் தடவை எனக்கு ஒரு பக்கம் வியப்பு, இன்னொரு பக்கம் எரிச்சல். எரிச்சலின் காரணத்தை ஆன்டனி ஃபுளூ என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1950-ல் ஒரு கதையாகச் சொல்லியிருந்தார். காட்டுக்குள் ஒரு திறந்த வெளி, பூக்களும் களைகளும் மண்டிக் கிடக்கிறது. யாரோ தோட்டக்காரன் பராமரிக்கிறான் என்கிறார் ஒருவர். காவல் இருந்து பார்க்கிறார்கள், யாரும் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத தோட்டக்காரன் என்கிறார். மின்வேலி போடுகிறார்கள், மோப்ப நாய் விடுகிறார்கள், ஒரு சத்தமும் இல்லை. தொட முடியாத, வாசனை இல்லாத, சத்தம் போடாத தோட்டக்காரன் என்கிறார். கடைசியில் நண்பர் கேட்கிறார்: அப்படிப்பட்ட தோட்டக்காரனுக்கும் தோட்டக்காரனே இல்லை என்பதற்கும் என்னதான் வேற்றுமை?

வியப்புக்குக் காரணம், இந்தக் கேள்வியை மெய்கண்டார் எழுநூறு வருடம் முன்பே தன் சூத்திரத்தின் முதல் அடியில் தானே கேட்டுவிட்டார் என்பதுதான். 'உணராது இன்மையின்': உணரப்படவே மாட்டாது என்றால் அது இன்மைதான். எதிராளி வாயைத் திறக்கும் முன்பே அவர் ஆயுதத்தை எடுத்துத் தன் நூலுக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் அவர் தரும் விடை, அருள் கிடைத்தவருக்கு மட்டுமே சரிபார்க்கக் கூடியது. கிடைக்காதவர் வெளியே நின்று அதை உண்மை என்றும் சொல்ல முடியாது, பொய் என்றும் சொல்ல முடியாது. பிறவியிலேயே பார்வை இல்லாதவரிடம் நிறம் உண்டு என்று சொல்வது போல என்பார்கள் சைவர்கள். நிறத்தைப் பார்த்த நூறு பேரும் கிளிப்பச்சையைக் கிளிப்பச்சை என்றுதான் சொல்கிறார்கள், அருள் பெற்ற நூறு பேர் ஏன் நூறு விதமாகச் சொல்கிறார்கள் என்று திருப்பிக் கேட்கலாம். இந்த இடத்தில் வாதம் நின்றுவிடுகிறது. இதற்கு மேல் தள்ளியவர்கள் யாரையும் நான் பார்க்கவில்லை.

நம்மாழ்வார் வேறு மாதிரி. 'உளன்எனில் உளன், அவன் உருவம் இவ்வுருவுகள்' என்று தொடங்கி, 'உளன்அலன் எனில், அவன் அருவம் இவ்வருவுகள்' என்று அடுத்த அடியில் மறுப்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறார். இருக்கிறான் என்றால் காணும் உருவமெல்லாம் அவன் உருவம். இல்லை என்றால் காணாத அருவமெல்லாம் அவன் அருவம். எல்லாமே வெறுமை என்ற சூனியவாதிகளுக்குச் சொன்ன பதில் என்று உரையாசிரியர்கள் காட்டுவார்கள். பாட்டாக அது என்னைச் சாய்த்துவிடும். வாதமாக எடுத்தால், வரையறையை இவ்வளவு அகலமாக விரித்தபின் மறுப்பவருக்கு மறுக்க என்ன மிச்சம் என்ற சந்தேகம் வரும். உலகமும் உயிர்களும் அவனுக்கு உடல், அவன் வேறு என்று ராமானுஜர் வழியினர் உடனே திருத்துவார்கள், அது நியாயம்தான். ஆனால் 17-ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி ஸ்பினோசாவைப் போல, இயற்கையேதான் கடவுள் என்று மட்டும் சொல்வோர் உண்டு. நீங்கள் கடவுளை நம்புகிறீர்களா என்று நியூயார்க் யூத குரு ஒருவர் 1929-ல் தந்தி அடித்துக் கேட்டபோது, ஸ்பினோசாவின் கடவுளை நம்புகிறேன் என்று ஐன்ஸ்டைன் பதில் அனுப்பினார்; மனிதரின் விதியிலும் செயலிலும் அக்கறை காட்டுகிற கடவுளை இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தக் கடவுளை மறுக்க நாத்திகருக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் அவரிடம் போய்ப் பெண்ணுக்கு வரன் கேட்க முடியாது.

பெரியார் மறுத்ததும் இந்தக் கடவுளை அல்ல, ஆறாம் சூத்திரத்துக் கடவுளையும் அல்ல. 'கடவுளைக் கற்பித்தவன் முட்டாள்' என்பதில் 'கற்பித்தவன்' என்ற சொல் முக்கியம். கோயிலில் குடியிருக்கிற, சொத்து வைத்திருக்கிற, யார் உள்ளே வரலாம் யார் வரக்கூடாது என்ற சட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டவராகக் காட்டப்படுகிற கடவுள்தான் அவர் குறி. அந்தக் கடவுள் மனிதக் கற்பிதம் என்பதில் அவரோடு சண்டை போடுவது கஷ்டம். சிவசத்து பற்றிப் பேசி அவருக்குப் பதில் சொன்னவர்கள் வேறு தெருவில் நின்று கை தட்டினார்கள்.

ஆனால் கற்பிதம் என்றாலே இல்லாதது என்று ஆகிவிடுமா? அந்த 500 ரூபாய் நோட்டும் கற்பிதம்தானே. காகிதம் இயற்கை, ஐந்நூறு மனிதர் போட்ட மதிப்பு. இருந்தாலும் அதை வைத்து அரிசி வாங்க முடிகிறது. இந்தியச் சட்டம் தெய்வத்தைச் சட்ட ஆளாக, அதாவது சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் உரிமை உள்ள ஆளாகக் கொள்வது கிட்டத்தட்ட இப்படித்தான். விக்கிரகம் ஒரு நிரந்தர மைனர், அதன் சார்பில் பேச ஒரு காப்பாளர் வேண்டும். 2019-ல் அயோத்தித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் குழந்தை ராமரான ராம் லல்லாவைச் சட்ட ஆளாக ஏற்றது, ஜன்ம பூமி என்ற இடத்தையே சட்ட ஆளாக்கக் கேட்டதை மட்டும் மறுத்தது. அந்த அந்தஸ்து, கொடை கொடுத்தவரின் பக்தி நோக்கத்தைக் காப்பாற்றுவதற்காக வருவது என்றும் விளக்கியது. பரம்பொருளுக்குப் பட்டா எதற்கு என்ற கேள்விக்கு அதுதான் நீதிமன்றத்தின் பதில்.

வேதத்தையே உயிராகக் கொண்ட மீமாம்சகர்கள் இதைக்கூட ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். தேவதைக்கு உடம்பு கிடையாது, சாப்பிடுவது கிடையாது, சொத்துக்கு உரிமையாளரும் அல்ல என்று அவர்களின் உரையாசிரியர் சபரர் எழுதி வைத்தார். வேள்வியில் 'இந்திரனுக்கு' என்று சொல்லி நெய்யை விடும்போது, அந்தச் சொல்லில் வருகிற நான்காம் வேற்றுமைதான் தேவதை. தமிழில் சொன்னால் 'கு' உருபுக்குள் குடியிருக்கிறான் இந்திரன்! நற்றிணையின் மரத்தைவிடச் சின்ன முகவரி. நாத்திகர் எவரும் கடவுளை இவ்வளவு சுருக்கியதில்லை.

மறுபடி மெய்கண்டாருக்கு வருகிறேன். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அசத்து என்று ஆறாம் சூத்திரத்தில் தீர்த்துச் சொன்னவர், கல்லும் சுண்ணாம்புமான கோயிலை என்ன செய்யச் சொல்வார்? பன்னிரண்டாம் சூத்திரத்தின், அதாவது நூலின், கடைசி அடி இது: 'ஆலயம் தானும் அரன்எனத் தொழுமே'. அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவன் என்றே தொழு என்கிறார். ஆலயம் அரன் ஆகும் என்று அவர் எழுதவில்லை, அரன் 'என' என்று எழுதினார். 1991-ல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்காடும் தகுதி உண்டு என்று ஏற்றதும் பத்தூர் ஆலயத்தைத்தான். இடிந்து கிடந்த அந்தச் சுவர்களை ஓர் ஆள் என வைத்து, நடராஜரை அதன் கையில் ஒப்படைத்தார்கள்.